கீலில் குற்றமில்லை: வாயைத் திறக்கவிடாத கரோனாய்டு என்னும் தாடைமுனையின் வளர்ச்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

கோப்பு கனமாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் நான்கு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகள், இரண்டு எக்ஸ்-ரே உறைகள், ஒரு எம்ஆர்ஐ அறிக்கை, பல்வரிசையின் மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடு ஒன்று. கொண்டுவந்தவர் 28 வயது ஆண், கணக்கர். வாய் சரியாகத் திறப்பதில்லை என்பதுதான் அவருடைய குறை. சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, வாய் எவ்வளவு திறந்தது என்று ஒவ்வொருவரும் குறித்திருந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 18, 19, 18, 18, 18.

இது மில்லிமீட்டர் கணக்கு. மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்பு வரை அளப்பது. பெரியவர்களுக்கு 40ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்; 35க்குக் கீழே இறங்கினால் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். அளவுகோல் இல்லாதவர்கள் தங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்க்கலாம். இவருக்கு ஒரு விரல் போனது. இரண்டாவது விரலுக்கு இடமில்லை.

தொடர்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் நோயாளி, பாடம் சொல்வதற்காக ஒரே மாதிரியான நிகழ்வுகளிலிருந்து கோத்து எடுத்த ஒருவர். எண்களும் அப்படியே. நோயும் அதற்கான சிகிச்சையும் உள்ளபடியே இருக்கின்றன.

நோயாளி சொன்னது

பதினைந்து, பதினாறு வயதில்தான் முதலில் கவனித்திருக்கிறார். கொட்டாவி விடும்போது மற்றவர்களுக்கு வாய் பிளக்கிறது, தனக்குப் பாதியில் நிற்கிறது. அடியோ காய்ச்சலோ காதில் சீழோ எதுவும் நினைவில் இல்லை. வலி இருந்ததே இல்லை. மூட்டில் 'டக்' என்ற ஓசையும் கேட்டதில்லை. ஓரிரு ஆண்டுகளில் மெல்ல மெல்லக் குறைந்து, இருபது வயதுக்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. உணவைச் சின்னதாக்கிச் சாப்பிடப் பழகிக்கொண்டார். வாயில் ஒரு குறை இருப்பதையே ஏறக்குறைய மறந்துவிட்டவர், மேல் வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்த பிறகுதான் மருத்துவரைத் தேடினார். பல்லைத் துளைக்கும் கருவியின் தலை அங்கே போகவில்லை. முன்பக்கம் 18 மில்லிமீட்டர் என்றால் கடைவாய்ப் பக்கம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். கத்தரிக்கோலைத் திறந்துபார்த்தால் புரியும்.

அங்கே தொடங்கியது சுற்று. வாய் திறக்கவில்லை என்றால் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டைச் சந்தேகிப்பது வழக்கம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு இடம்பெயர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பத்து மாதம் தகடு போட்டார். தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் சாப்பிட்டார். இரண்டு முறை மூட்டுக்குள் ஊசி செலுத்திக் கழுவினார்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அளந்தார்கள். 18.

இதைப் படிக்கும் இளம் மருத்துவர்கள் அந்த நால்வரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நானும் பல ஆண்டுகளுக்கு முன்பு இதே குறையோடு வந்த ஒருவருக்கு எட்டு மாதம் தகடு போட்டு வைத்திருந்தவன். அவருடைய எக்ஸ்-ரே என் மேசையில்தான் இருந்தது. மூட்டைப் பார்த்தேன், மூட்டு நன்றாக இருந்தது, ஆகவே தசைதான் என்று எழுதினேன். மூட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால் பார்க்கத் தோன்றவில்லை.

மாறாத எண்

தசை இறுகி வாய் திறக்காதவருக்கு அளவு நாளுக்கு நாள் மாறும். காலையில் 24 இருக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் 29 ஆகும், மன உளைச்சல் மிகுந்த வாரத்தில் 20க்கு இறங்கும். தட்டு இடம்பெயர்ந்தவருக்கும் வலியைப் பொறுத்து ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் திறக்கும்போது கீழ்த்தாடை அந்தப் பக்கமாகக் கோணும். எலும்பில் எலும்பு இடித்தால் எண் அசையாது. காலையோ மாலையோ, மருந்து போட்டோ போடாமலோ, யார் அளந்தாலும் அதே எண்தான். அந்தத் தாளில் இருந்த ஐந்து எண்களே பாதி நோயறிதல்.

மீதிப் பாதிக்கு விரல்கள் வேண்டும். கட்டைவிரலை மேல் முன்பற்களிலும் ஆள்காட்டி விரலைக் கீழ் முன்பற்களிலும் வைத்து மெல்ல அகட்டினேன். தசை தடுத்தால் ரப்பரை இழுப்பதுபோல் கொஞ்சம் கொடுக்கும். நாலைந்து மில்லிமீட்டர் கூடும், நோயாளி முகம் சுளிப்பார். இவருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை, முகமும் சுளிக்கவில்லை. சுவரில் முட்டிய உணர்வு.

“வலிக்கிறதா?”

“இல்லை டாக்டர். இவ்வளவுதான் வரும். இதற்குமேல் உள்ளே ஏதோ இடிக்கிறது.”

“எங்கே இடிக்கிறது? விரலால் காட்டுங்கள்.”

அவர் காதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி இரண்டு கன்ன எலும்புகளின் அடியில் வைத்தார். மூன்று வருடத்துச் சீட்டுகளில் எதிலும் இந்தக் கேள்விக்கான பதில் இல்லை.

தாடை திறக்கும்போது நேராகவே இறங்கியது. பக்கவாட்டில் இருபுறமும் 6 மில்லிமீட்டர் நகர்ந்தது, முன்னோக்கி 3தான். இதற்கும் பொருள் உண்டு. மூட்டே எலும்பாக ஒட்டிப்போயிருந்தால் அதுவும் மாறாத எண்ணைத்தான் தரும். ஆனால் அப்போது பக்கவாட்டு அசைவு கிட்டத்தட்ட இருக்காது. வாயின் உள்சவ்வுக்கு அடியில் நார்த்திசு படிந்து இறுகும் நோயிலும் எண் நிலையாக நிற்கும். அங்கே கன்னத்தின் உட்புறத்தைத் தடவினால் கயிறுபோல் விரலில் தட்டும். இவருக்குச் சவ்வு மிருதுவாக இருந்தது.

இன்னும் இரண்டு சோதனைகளை நான் விடுவதில்லை. மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கச் சொல்லி விரல்கள் நீள்கின்றனவா என்று பார்ப்பது ஒன்று. வாய் திறக்காமையும், மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தாமாக மடங்குவதும் சேர்ந்து வரும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது; ஹெக்ட்-பீல்ஸ் என்று பெயர், எம்ஒய்எச்8 என்ற மரபணுவில் வரும் மாற்றத்தால் உண்டாவது. கடைவாய்க்கு வெளியே மெல்லும் தசையின் முன்விளிம்பைத் தொட்டுப் பார்ப்பது மற்றொன்று. சிலருக்கு அந்தத் தசையின் நாணும் அதன் உறையும் தடித்துப் பட்டைபோல் நிற்கும், தாடை சதுரமாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எலும்பை மட்டும் வெட்டினால் போதாது; அந்தப் பட்டையையும் எடுக்க வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை.

எக்ஸ்-ரேயின் ஓரம்

கீழ்த்தாடையின் பின்பகுதி இருபுறமும் மேல்நோக்கி எழுந்து இரண்டு முனைகளாகப் பிரிகிறது. பின்முனை உருண்டைத் தலையோடு மூட்டுக்குள் போகிறது. முன்முனை தட்டையாகக் கூராக நிற்கிறது. அதற்குப் பெயர் கரோனாய்டு. நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்திருக்கும் டெம்போராலிஸ் தசை கீழே குவிந்து வந்து பிடித்துக்கொள்வது இந்த முனையில்தான். வாயைத் திறக்கும்போது இந்த முனை கன்ன எலும்புக்கும் அதன் வளைவுக்கும் உட்புறமாக முன்னும் கீழும் நகர்கிறது. முதல் 20 மில்லிமீட்டர் அளவுக்குத் தாடை பெரும்பாலும் சுழல்கிறது. அதன்பின் மூட்டுத்தலை முன்னோக்கி வழுக்குகிறது. கரோனாய்டு அளவுக்கு மீறி நீண்டிருந்தால், வழுக்கத் தொடங்கும் இடத்தில் அதன் நுனி கன்ன எலும்பின் பின்சுவரில் போய் மோதி நிற்கிறது.

கதவுக்குப் பின்னால் பீரோ இருக்கிறது. கதவு பாதிதான் திறக்கிறது. கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால்? மூட்டைக் கழுவியது அப்படிப்பட்ட வேலைதான்.

தாடை முழுவதையும் விரித்துக் காட்டும் ஓபிஜி எக்ஸ்-ரே அவருடைய உறையிலேயே இருந்தது; மூன்று ஆண்டுப் பழசு. விளக்குப் பலகையில் மாட்டினேன். மூட்டுத்தலைகள் உருண்டையாக, சீராக இருந்தன. அவற்றுக்கு முன்னால் இரண்டு கரோனாய்டு முனைகளும் கன்ன வளைவின் நிழலைக் கடந்து, மூட்டுத்தலையைவிட உயரமாக எழுந்து நின்றன. தாடைக் கோணத்திலிருந்து கரோனாய்டு நுனி வரையிலான உயரத்தை, அதே கோணத்திலிருந்து மூட்டுத்தலை வரையிலான உயரத்தால் வகுத்துப் பார்க்கும் லெவண்டோஸ்கி முறை இருக்கிறது. விகிதம் ஒன்றைத் தெளிவாகத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். இவருக்கு வலப்புறம் 1.24, இடப்புறம் 1.19.

ஓபிஜி சந்தேகத்தைத்தான் தரும். நீண்ட கரோனாய்டு இருந்தும் தாராளமாக வாய் திறப்பவர்கள் உண்டு. இடிக்கிறதா என்பதைச் சொல்வது சிடி ஸ்கேன், அதுவும் வாயை முடிந்தவரை திறந்த நிலையில் எடுத்தது. வாயை மூடியபடி எடுத்த சிடியைக் கொண்டுவந்து ‘இடைவெளி இருக்கிறதே’ என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடிய கதவு பீரோவில் இடிக்காதுதான். திறந்த நிலைப் படங்களில் இரண்டு நுனிகளும் கன்ன எலும்பின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. மோதும் இடத்தில் எலும்பின் மேலோடு தடித்திருந்தது; பல ஆண்டுகளாக முட்டிக்கொண்டிருந்ததன் தழும்பு. பழைய எம்ஆர்ஐயைத் திரும்பப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தட்டுகளும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன.

இந்த நிலையை 1853ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் லாங்கன்பெக் விவரித்திருக்கிறார். 1899இல் ஜேக்கப் விவரித்தது சற்று வேறு: கரோனாய்டில் குருத்தெலும்புத் தொப்பியுடன் ஒரு கட்டி முளைத்து, கன்ன எலும்போடு பொய்மூட்டு அமைத்துக்கொள்வது. அது பெரும்பாலும் ஒரு பக்கம் வரும், கன்னம் புடைக்கும், தாடை கோணும். நம்முடையவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, புடைப்பு இல்லை. இருபக்க வளர்ச்சி ஆண்களிடமே அதிகம் காணப்படுகிறது, பெரும்பாலும் வளரும் பருவத்தில் தொடங்குகிறது. ஏன் வளர்கிறது என்பதற்கு டெம்போராலிஸ் அளவுக்கு மீறி இழுப்பது, ஹார்மோன், பரம்பரை, அடிபட்டது எனப் பல விளக்கங்கள் உண்டு. எதுவும் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தவில்லை. மூட்டு நெடுநாள் அசையாமல் கிடந்தாலும் கரோனாய்டு நீளும் என்பதால் எது முந்தியது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

எந்த வழியாகப் போவது

எலும்பு இடித்தால் எலும்பைத்தான் எடுக்க வேண்டும். மாத்திரையும் பயிற்சியும் எலும்பைக் கரைக்காது. மயக்கத்தில் வாயை நெம்பித் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பல் ஆடும், தாடை முறியும், பீரோ அங்கேயே இருக்கும்.

கரோனாய்டை அடியோடு வெட்டி வெளியே எடுப்பது ஒரு முறை. வெட்டிவிட்டு, தசையோடு உள்ளேயே விட்டுவிடுவது இன்னொரு முறை. இரண்டாவதில் தசையைப் பிரிக்கும் வேலை குறைவு, ஆகவே இரத்தக்கட்டும் தழும்பும் குறைவு. ஆனால் விடப்பட்ட துண்டு பழைய இடத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அரிதான நோய் என்பதால் ஒவ்வொரு கட்டுரையிலும் நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது. எது மேலானது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. முனை இந்த அளவு நீண்டு கன்ன எலும்பை முட்டிக்கொண்டிருக்கும்போது அதை உள்ளே விட்டுவர எனக்கு மனமில்லை. எடுப்பதென்று தீர்மானித்தேன்.

வாய்க்குள்ளிருந்தா, வெளியிலிருந்தா என்பது அடுத்த கேள்வி. உச்சந்தலைக்குக் குறுக்கே கீறித் தோலை மடக்கி இறங்கினால் இடம் தாராளமாகத் தெரியும்; முகநரம்பின் மேல்கிளைகளுக்கு ஆபத்து, நீண்ட தழும்பு. வாய்க்குள்ளிருந்து போனால் வெளியே கோடு விழாது, முகநரம்பு வழியில் வராது. ஆனால் வாய் திறக்காத நோயாளிக்கு வாய் வழியாக அறுவை செய்வதென்பது பூட்டிய அறையின் சாவியைச் சன்னல் வழியாகக் கையை விட்டு எடுப்பது மாதிரி. உள்வழியையே தேர்ந்தெடுத்தோம், முடியாமல்போனால் வெளியிலிருந்து போக ஒப்புதலும் வாங்கி வைத்தோம். ஒப்புதல் பேச்சில் கன்னத்தின் உட்புற மரமரப்பு, இரத்தக்கட்டு, தொற்று, மறுவளர்ச்சி எல்லாவற்றையும் சொன்னேன். அவற்றைவிட நீண்ட நேரம் பேசியது ஆறு மாதப் பயிற்சியைப் பற்றி. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இந்தத் தலையாட்டலை நான் நம்புவதில்லை.

அறுவை

முதல் சிக்கல் மயக்க மருந்து நிபுணருடையது. 18 மில்லிமீட்டர் வழியாகக் குரல்வளையைப் பார்க்கும் கருவியை நுழைக்க முடியாது. தசை தளர்த்தும் மருந்து கொடுத்தாலும் திறக்காது என்பது தெரிந்திருக்க, முதலில் தூங்கவைப்பது விபரீதம். ஆகவே நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, நுனியில் கண் உள்ள நெகிழ்குழாயின் துணையோடு மூக்கு வழியாகச் சுவாசக் குழாயைச் செலுத்தினார்கள். அதன்பிறகே மயக்கம்.

முழு மயக்கத்தில், தசைகள் முற்றிலும் தளர்ந்திருந்தபோது, கத்தியைத் தொடுவதற்கு முன் அளவுகோலைக் கேட்டேன். 18. அறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் எல்லோரையும் ஒருமுறை வந்து படிக்கச் சொன்னேன்.

வலப்புறம் முதலில். இரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலின் கலந்த மருந்தைச் செலுத்திவிட்டு, கீழ்த்தாடையின் முன்விளிம்பை ஒட்டிச் சவ்வைக் கீறினேன். கீறலை மேலே அதிகம் நீட்டக் கூடாது. நீட்டினால் கன்னக் கொழுப்பு பிதுங்கி வந்து இருக்கிற கொஞ்சம் இடத்தையும் அடைத்துக்கொள்ளும், கன்ன உட்சவ்வுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் அங்கேதான் குறுக்கே ஓடுகிறது. எலும்பின் மேலுறையோடு சேர்த்துத் திசுக்களை உயர்த்தி, பாம்பின் நாக்குபோல் நுனி பிளந்த விலக்கியை முன்விளிம்பில் வைத்து மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். டெம்போராலிஸின் நாண் வெளிப்புறம் எளிதில் விட்டுக்கொடுக்கும். உட்புறம் கடைசி கடைவாய்ப்பல்லின் பின்புறம் வரை இறங்கிப் பிடித்திருக்கும். அங்கே பொறுமை வேண்டும். அந்த உட்பக்கத்தில் இன்னும் பின்னாலும் கீழேயும் தாடைக்குள் நுழையும் நரம்பு இருக்கிறது. அதைவிட அருகில் நாக்கின் நரம்பு. எலும்பை விட்டு விலகாமல் இருந்தால் இரண்டும் பிழைக்கும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கரோனாய்டின் அடியில் ஒரு சிறு துளையிட்டு அதில் கம்பியைக் கோத்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது பல்லுள்ள இடுக்கியால் இறுக்கிக் கொள்ளுங்கள். மறந்தால், வெட்டு முடிந்த கணத்தில் மிச்சமிருக்கும் தசைநார்கள் அந்தத் துண்டைப் பொட்டுக்குழிக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு ஆழத்தில், மேல்தாடைத் தமனியும் சிரைப்பின்னலும் இருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத எலும்பை விரலால் தேட வேண்டியிருக்கும். இடுக்கி பிடித்தவர் ‘பிடித்துவிட்டேன்’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே நான் துளைக்கருவியை எடுப்பேன்.

ரம்பம் நுழைய இடமில்லை. நீண்ட மெல்லிய துளைமுனையால், இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் பிறை வடிவப் பள்ளத்திலிருந்து முன்விளிம்பை நோக்கிச் சாய்வாக வெட்டி, கடைசி இழையை உளியால் பிரித்தேன். துண்டு அசைந்தது, வெளியே வரவில்லை. நுனி கன்ன எலும்பின் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. தாடையை மூடவைத்து, துண்டைச் சுழற்றி, நுனியைச் சுற்றியிருந்த நார்களை ஒவ்வொன்றாக விடுவித்ததில் இருபது நிமிடம் போயிற்று. இரண்டாக உடைத்து எடுக்கலாமா என்றுகூடக் கை போனது. ஒருவழியாக முழுதாகவே வந்தது. நீளம் 27 மில்லிமீட்டர்.

அளந்தேன். 21. புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவரின் முகம் வாடிவிட்டது. இரண்டு பக்கமும் இடிக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் இவ்வளவுதான் கிடைக்கும். மறுபக்கம் இன்னும் சுவரில் நிற்கிறது. இடப்பக்கம் எளிதாகப் போனது. 24 மில்லிமீட்டர் துண்டு. அது வெளியே வந்ததும் தாடை தன் எடைக்கே 33க்கு இறங்கியது. கையால் மெல்ல, பற்களுக்கு இருபுறமும் சமமாக அழுத்தம் கொடுத்து, 38 வரை கொண்டுவந்தேன். அங்கே நிறுத்திக்கொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நீளாத தசைகள். அவற்றை மேசையிலேயே 45க்கு இழுப்பதில் வீரம் எதுவும் இல்லை.

எலும்பின் ஓரங்களை மழித்து, கழுவி, இரண்டு பக்கமும் மெல்லிய வடிகுழாய் வைத்துத் தைத்தோம். நோய்க்கூறியல் அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது: முதிர்ந்த, இயல்பான எலும்பு, குருத்தெலும்புத் தொப்பி இல்லை. ஜேக்கப் விவரித்த நோய் இல்லை என்பது அதோடு முடிந்தது.

எண் மாறத் தொடங்கியது

அதுவரை அசையாத எண், அறுவைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அசைந்தது. முதல் நாள் 29. மூன்றாம் நாள் வீக்கம் ஏறி 23. அவர் பயந்துபோய்விட்டார். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது: இனி வழியை மறிப்பது எலும்பு இல்லை, வீக்கமும் வலியும் மட்டும். ஆனால் அந்த வீக்கம் ஆறி இறுகும்போது நார்த்திசுவாக மாறும் என்பதுதான் இந்த அறுவையின் உண்மையான எதிரி. மேசையில் கிடைத்த 38 யாருக்கும் சொந்தமில்லை. உரிந்த தசையும் தழும்பும் சுருங்கும் வேகத்தைவிட வேகமாக நீட்டிக்கொண்டே இருந்தால்தான் அது தங்கும்.

வடிகுழாயை எடுத்த இரண்டாம் நாளே பயிற்சியைத் தொடங்கினோம். நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான மரக்குச்சிகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். அவற்றை அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைத்து, நடுவில் இன்னொன்றை மெல்லத் திணிப்பது. நாளுக்கு ஆறு வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். தாடையைத் திறக்கும் தனிக் கருவிகளும் இருக்கின்றன. நன்றாகவே வேலை செய்யும். எனக்குக் குச்சி பிடிக்கும், எண்ணிக்கை பொய் சொல்லாது என்பதால். கணக்கரிடம் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் கொடுத்து, தேதி, வேளை, குச்சிகளின் எண்ணிக்கை, காலையில் மில்லிமீட்டர் என்று நான்கு பத்தி போடச் சொன்னேன். பத்தாம் நாள் 31.

மூன்றாம் வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 27, 25, 24, 22. வேளைகளின் எண்ணிக்கை ஆறிலிருந்து நான்கு, நான்கிலிருந்து இரண்டு. பொய்யாக எதையும் எழுதவில்லை. அந்த நேர்மைக்கு அவர் தொழிலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“வலி தாங்கவில்லை டாக்டர். வீக்கம் முழுதாக வடியட்டும் என்று நிறுத்தி வைத்தேன்.”

“வடிவதற்குள் உள்ளே இறுகிவிடும். பதினெட்டில்கூட வலி இல்லாமல்தானே இருந்தீர்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டாத வாக்கியம் அது. தவறு பாதி எங்களுடையது. வலியோடு பயிற்சி செய் என்று சொன்னவர்கள், வலி மாத்திரையை எப்போது போடுவது என்று சொல்லாமல் விட்டிருந்தோம். அவர் பயிற்சி முடிந்த பிறகு போட்டுக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொன்னோம், அதற்கு முன் கன்னத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம். அடுத்த இரண்டு வாரத்துக்கு இயன்முறை மருத்துவர் நாள்தோறும் ஒரு வேளை தன் கையால் செய்துவைத்தார். பதினான்கு குச்சிகளிலிருந்து மீண்டும் தொடங்கி, இரண்டு நாளுக்கொன்றாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். இது பலிக்காமல் போயிருந்தால், அடுத்து மயக்கத்தில் நீட்டிவிடுவதைப் பற்றி யோசித்திருப்பேன். எலும்புத் தடை நீங்கிய பிறகு அது நெம்புதல் ஆகாது.

ஆறாம் வாரம் 32, மூன்றாம் மாதம் 35, ஆறாம் மாதம் 37.

வலப்புறக் கன்னத்தின் உட்பகுதியில் மரமரப்பு இருந்தது, இரண்டரை மாதத்தில் மறைந்தது. மெல்லும்போது பொட்டு சீக்கிரம் களைத்துப்போவதாக முதல் இரண்டு மாதம் சொன்னார். டெம்போராலிஸ் பழைய பிடிமானத்தை இழந்துவிட்டது என்பதால் இதை எதிர்பார்க்கலாம். கடிப்பதற்கு மற்றத் தசைகள் இருக்கின்றன, டெம்போராலிஸும் தாடையின் மிஞ்சிய பகுதியில் ஒட்டிக்கொள்ளும். பற்கள் கடித்துச் சேரும் விதம் மாறவில்லை. ஓராண்டு முடிவில் எடுத்த சிடியில் வெட்டிய இடம் மழுங்கி உருண்டிருந்தது, புதிதாக எலும்பு எழவில்லை. அன்றைய அளவும் 37. மறுவளர்ச்சி அறியப்பட்ட ஒன்று என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். எண் குறைந்து, குறைந்த இடத்திலேயே அசையாமல் நின்றால் உடனே வர வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நான்கு பத்திகளுக்கு வெளியே, ஓரத்தில், ஏழாம் மாதத்துத் தேதி ஒன்றைப் போட்டு எழுதியிருந்தார்: ‘மேல் வலக் கடைவாய்ப்பல், அடைத்தாயிற்று. முக்கால் மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தேன்.’